நாடாவும் நூலும்: யோபு நூலின் ஒரு வசனம்

(ஜூபிலி விழாவின் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் ஏறும் குருவானவர் லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசுவது வழக்கம். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதவேண்டும், கடனுக்காக விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பவேண்டும், அடிமைப்பட்டவன் தன் வீடு சேரவேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. 'யோவேல்' என்ற எபிரேயச் சொல் ஆட்டுக்கடாவையும் அதன் கொம்பையும் குறிக்கும்; ஜூபிலி என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. இதையெல்லாம் காலைத் திருப்பலியில் கேட்டுவிட்டீர்கள். ஆகவே இந்த மாலையில், விழாவுக்குச் சற்றும் பொருந்தாதது போலத் தோன்றும் ஒரு வசனத்தை உங்கள் முன் வைக்கத் துணிகிறோம். அது யோபு நூல், ஏழாம் அதிகாரம், ஆறாம் வசனம்.

துன்பத்தில் கிடக்கும் யோபு அங்கே தம் ஆயுளைத் தறியோடு ஒப்பிடுகிறார். நெசவாளன் தறியில் நாடா போகிற வேகத்தையும் தம் நாள்கள் மிஞ்சிவிட்டதாகவும், நம்பிக்கைக்கு இடமில்லாமலே அவை தீர்ந்துபோவதாகவும் முறையிடுகிறார்.

வேறோர் ஊரில் இதைச் சொன்னால் நாடா என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருக்கும். பாவாடை நாடா என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு! அம்மையார்குப்பத்தில் நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் நாடா தெரியும், தார் தெரியும், பாவு தெரியும். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று இந்த வட்டாரமே தறிச் சத்தத்தில் விழித்துத் தறிச் சத்தத்தில் தூங்குகிற வட்டாரம். 1960-இல் திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக் கோடு இடம் மாறியது. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் 'மக்கம்' என்று சொல்வதும் இந்தப் பக்கம் தறி என்று சொல்வதும் ஒரே மரச்சட்டத்தைத்தான். ஆகையால் பெரிய வேதசாஸ்திரிகள் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொள்ளவேண்டிய வசனத்தை நீங்கள் கைப்பழக்கத்தாலேயே தெரிந்துகொள்ளக்கூடியவர்கள்.

இந்த வசனம் நம் செவிக்குப் புதிதுமல்ல. மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, இது முதல் வாசகத்தில் வருகிறது. 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி அவ்வாறு வாசித்தோம். அந்த வாசகத்தில் முதல் நான்கு வசனங்களை வாசித்து, ஐந்தாவதை விட்டுவிட்டு, ஆறையும் ஏழையும் வாசிக்கிறோம். விடப்பட்ட ஐந்தாம் வசனத்தில் யோபு தம் உடம்பில் புழு மொய்ப்பதையும் தோல் வெடித்துச் சீழ் வடிவதையும் சொல்லுகிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது வேண்டாம் என்று கருதினார்கள் போலும்! ஆனால் அந்தப் புண்ணைப் பாராதவனுக்கு அடுத்த வசனத்தின் வலி முழுதாக விளங்காது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இரண்டு வசனத்துக்கு முன்னால்தான் யோபு, இரவு முடியவே மாட்டேன் என்கிறது, விடியும்வரை புரண்டு புரண்டு படுக்கிறேன் என்ற பொருளில் புலம்பினார். உடனே நாள்கள் பறக்கின்றன என்கிறார். இது முரண் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நோயாளியின் அருகில் இருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இராச் சுற்றுக்குத் தறிக் கொட்டகைக்குள் போகிறவனுக்கும் அது தெரியும். அவனுக்கு இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே ஒரு யுகம் கிடக்கிறது. அதே மனிதன் தீபாவளிக்கு மறுநாள், "இப்பத்தானே பொங்கல் வந்துச்சு, அதுக்குள்ள வருஷம் போயிடுச்சே" என்கிறான். வலி ஒவ்வொரு மணியையும் இழுத்து நீட்டுகிறது; ஆனால் சேர்த்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாத வருஷங்கள் ஓடிவிட்டிருக்கின்றன.

இனி மூல மொழிக்கு வருவோம். நாடா என்று நாம் சொல்லுமிடத்தில் எபிரேயத்தில் 'எரெக்' என்ற சொல் இருக்கிறது. வேதாகமத்தில் இந்தச் சொல் வேறு ஓரிடத்தில்தான் வருகிறது. நீதிபதிகள் ஆகமம் 16-ஆம் அதிகாரத்தில், தெலீலாள் சிம்சோனின் சடையைப் பாவோடு சேர்த்து நெய்துவிட, அவன் தூக்கத்திலிருந்து எழுந்து தறியையே பிடுங்கிக்கொண்டு போகிறானே, அங்கே. அந்த இடத்தில் தறி என்றே பொருள் கொள்கிறோம். எனவே யோபு குறிப்பிட்டது நாடாவைத்தானா, தறியின் ஓட்டத்தையா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. அவர் காலத்துத் தறியை நம் கொட்டகைத் தறியாக எண்ணிவிடக்கூடாது என்பது மட்டும் நிச்சயம். கயிற்றை இழுத்தால் தானே பறக்கும் நாடாவை ஜான் கே என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது 1733-இல். யோபின் நாட்டில் பாவு நுனிகளில் களிமண் குண்டுகளைத் தொங்கவிட்டுச் சுவரோரம் சாய்த்து நிறுத்திய தறிகள் இருந்தன. அக்குண்டுகள் பாலஸ்தீன நாட்டு அகழ்வாய்வுகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஊடை நூலைக் கையாலேயே கோத்து வாங்கினார்கள். அந்தக் கை வேகத்தைப் பார்த்தே யோபு மலைத்துப்போனார். நிமிஷத்துக்கு நூறு முறைக்கு மேல் அடிக்கும் விசைத்தறியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வசனத்தில் பட்ட பாடு ஒரு கதை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் கிரேக்கத்தில் செய்த மொழிபெயர்ப்பில் தறியே காணாமற்போயிற்று. 'வேகம்' என்பதற்குரிய எபிரேயச் சொல்லுக்கு 'இலேசு' என்றும் பொருள் உண்டு. ஆகவே அவர்கள், பேச்சைக் காட்டிலும் இலேசானது என் வாழ்வு என்கிற கருத்தில் எழுதிவிட்டார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் பெத்லகேமில் தங்கி இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ் மூலத்துக்குத் திரும்பினார். யோபு நூல் அவருக்கு அவ்வளவு கடினமாக இருந்தது. லித்தா ஊர் யூத ஆசிரியர் ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொண்டு பாடம் கேட்டதாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். அவர் நாடாவை விட்டுவிட்டு, நெய்து முடித்த துணியைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் வேகத்தை அங்கே வைத்தார். "சேலை அறுத்தாச்சா?" என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்த அறுப்பு. நம் பிரிந்த சகோதரர்கள் நெடுநாளாக வாசித்துவரும் தமிழ் மொழிபெயர்ப்பு நாடா என்ற நெசவாளர் சொல்லையே எடுத்துக்கொண்டது. செய்தவர்கள் யாரோ ஒரு தறிக்காரரிடம் போய்க் கேட்டிருக்கவேண்டும் என்பது நம் ஊகம்.

ஆனால் நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது நாடாவைப் பற்றி அல்ல. வசனத்தின் பின்பாதியில், நம்பிக்கை என்று நாம் பெயர்க்குமிடத்தில், எபிரேயத்தில் 'திக்வா' என்றிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று நம்பிக்கை, எதிர்பார்ப்பு. மற்றது நூல், கயிறு. திரிப்பது, முறுக்குவது, காத்திருப்பது ஆகியவற்றோடு தொடர்புடைய வேர் அது. யோபு தறியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து 'திக்வா' தீர்ந்துவிட்டது என்கிறார். கேட்ட எபிரேயன் காதில் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கும்: நம்பிக்கை தீர்ந்தது, நூல் தீர்ந்தது. நாடா ஓடுகிறது, மிதி மிதிபடுகிறது, ஆனால் தாரில் நூல் இல்லை. அப்போது தறியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சத்தம் வரும். துணி வளராது.

தமிழிலும் நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு; துணிக்கு ஆகும் நூல், படிப்புக்கு ஆகும் நூல். பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து இந்த இரண்டையும் பொருத்திக் காட்டினார். தமிழன் நூலில் கல்வியைக் கண்டான். எபிரேயன் நூலில் நம்பிக்கையைக் கண்டான். இரண்டையும் மொழிபெயர்ப்பில் கொண்டுவர முடியாது. யோபு 7:6-ஐ எந்தத் தமிழில் வாசித்தாலும் பாதிதான் கிடைக்கும்; மீதியை இப்படி வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இங்கே சொல் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிட்டுப் போவோம். நம் பெரியவர்கள் சிறுவயதில் விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என்று மூன்று மந்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிற்று. பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆயிற்று. ஆகவே பாட்டி நம்பிக்கை என்றால் ஒன்று, பேத்தி நம்பிக்கை என்றால் வேறு. 2025-ஐ எதிர்நோக்கின் ஜூபிலி ஆண்டாக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை திருக்கதவைத் திறந்துவைத்தார். ஏப்ரலில் அவர் இறைவனடி சேர, 2026 ஜனவரி 6-ஆம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோ அதை மூடினார். அந்த ஆண்டு முழுவதும் நாம் எதிர்நோக்கு, எதிர்நோக்கு என்று பாடினோம். அது என்ன என்று ஒரு பெரியவர் கேட்டால், பழைய நம்பிக்கைதான் ஐயா என்று சொல்லுங்கள். இந்த உரையில் நாம் பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

யோபு இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். முதலில் சொன்னவர் அவர் அல்ல, நண்பர் எலிப்பாஸ். நான்காம் அதிகாரத்தில், உன் நேர்மையே உனக்கு 'திக்வா' அல்லவா என்று அவர் ஆறுதல் சொல்லுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பவரிடம் சொன்னது அது. ஆறாம் அதிகாரத்தில் யோபு அந்தச் சொல்லை எடுத்துத் திருப்பிப் போடுகிறார். என்னுடைய 'திக்வா' எது தெரியுமா, கடவுள் தம் கையை நீட்டி என்னை அறுத்துவிடுவதே என்கிறார். 'அறுப்பது' என்பதற்கு அவர் வைத்த வினைச்சொல், எசாயா 38-ஆம் அதிகாரத்தில் நோயுற்ற எசேக்கியா அரசர் தம் வாழ்வு தறியிலிருந்து துணிபோல அறுக்கப்படுவதாகப் புலம்பும்போது வருகிற அதே வினை. ஆக நூலும் அறுப்பும் ஆறாம் அதிகாரத்திலேயே வந்துவிட்டன. தறி ஏழாம் அதிகாரத்தில் வருகிறது.

இப்படிப் பேசியதற்காக யோபைக் கண்டிக்க விரும்புகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நாம் 'பொறுமைசாலி யோபு' என்று சொல்லிச் சொல்லி அவருடைய வாயைக் கட்டிவிட்டோம். நூலின் முதல் இரண்டு அதிகாரங்களில்தான் அவர் பொறுமைசாலி. மூன்றாம் அதிகாரத்திலிருந்து அவர் கூக்குரலிடுகிறார். என் வாயை அடக்கமாட்டேன் என்று அவரே ஏழாம் அதிகாரத்தில் அறிவிக்கிறார். முடிவில் கடவுள் யாரைக் கோபித்தார்? 42-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பக்தியாகப் பேசின நண்பர்களைக் கோபித்து, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நண்பர்கள் தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாளும் அப்படியே இருந்திருந்தால் அவர்கள் பெயர் கெட்டிருக்காது.

அன்பர்களே, இது பழங்கதை அல்ல. நூல் தீர்ந்தால் நெசவாளன் என்ன ஆவான் என்பதை நம் பக்கத்து மாநிலமே பார்த்திருக்கிறது. 1991-இல் நூல் விலை ஏறியபோது ஆந்திரத்தின் பிரகாசம், குண்டூர் மாவட்டங்களில் நெசவாளர்கள் பட்டினியாலும் தற்கொலையாலும் மாண்டார்கள். 2000-க்குப் பிறகு சிரிசில்லாவின் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி அதே செய்தி மீண்டும் மீண்டும் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இந்த வட்டாரத்தின் தறிச் சத்தம் நின்றபோது, தூக்கத்திலிருந்த பிள்ளைகள் அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்தார்கள். 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. தறி சொந்தமாக இருந்தாலும் நூல் முதலாளியுடையது, கூலி மட்டும் நம்முடையது என்று வாழ்கிற வீட்டில், நூல் வராத வாரம் கூலி வராத வாரம். பிறகு வட்டி. பிறகு சிலருக்குக் குடி. பிறகு, பேச்சு நின்றுபோன ஒரு மனிதன்.

அப்படி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் எலிப்பாஸ் செய்ததைத்தான். விசுவாசம் இல்லாதவன், பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்காதவன், மன்னிப்பில்லாத பாவம் என்று தெருவில் தீர்ப்பு நடக்கிறது. கோவிலில் வைத்து அடக்க ஜெபம் செய்யலாமா, கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்ற கேள்வி இன்றும் சில பங்குகளில் எழுகிறது. இதற்குப் பதிலை ஒளிக்காமல் சொல்லுவது நம் கடமை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தும் துணிந்தும் தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பட்டியலில் தற்கொலை செய்தோர் இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி ஏடு உயிரை மாய்ப்பது பாவமே என்று சொல்லிவிட்டு, கடும் மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் கைவிட்டுப் பேசலாகாது என்றும், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகள் உண்டு என்றும் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் அங்கே இருக்கிறது. ஆகவே அந்த வீட்டுக்குச் சிலுவையும் தீர்த்தமும் எடுத்துக்கொண்டு குரு போவார். நீங்களும் போகவேண்டும். போனால் அதிகம் பேசவேண்டாம்.

இதே துக்கத்தை நம் வேதாகமத்தின் தோபித்து ஆகமம் ஒரு குடும்பக் கதையாகச் சொல்லுகிறது. அதில் ஒரு நெசவுக்காரி இருக்கிறாள் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? நினிவேயில் அகதியாக வாழும் தோபித்துக்குப் பறவை எச்சம் விழுந்து கண் போகிறது. அதற்குப் பிறகு மனைவி அன்னாள் கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். ஒருநாள் அவள் துணியை அறுத்து உடைமைக்காரருக்கு அனுப்ப, அவர்கள் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுக்கிறார்கள். குட்டி கத்துவதைக் கேட்ட குருட்டுக் கணவர், திருட்டு ஆடா, கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்கிறார். அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நேர்மையான மனிதர்தான், ஆனால் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து மனைவி கூலியில் சாப்பிடும் ஆணின் மனம் எப்படிச் சுருங்கும் என்பதை வேதாகமம் இத்தனை துல்லியமாக எழுதியிருக்கிறது. சண்டைக்குப் பிறகு தோபித்து சாவைக் கேட்டு ஜெபிக்கிறார். இலத்தீன் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் அவரை யோபோடு ஒப்பிட்டே பேசுகிறது. அதே நாளில், வெகு தூரத்தில் எக்பத்தானா நகரில், சாராள் என்ற இளம் பெண் பழிச்சொல் தாங்காமல் உயிரை விட நினைக்கிறாள். பிறகு, ஒரே மகளையும் இழந்தால் முதிய தந்தையின் நிலை என்னவாகும் என்று எண்ணி நிறுத்திக்கொண்டு, சன்னலருகே நின்று ஜெபிக்கிறாள். அவளைப் பிடித்து நிறுத்தியது அந்த நேரத்தில் பெரிய தத்துவம் எதுவுமில்லை. அப்பா என்கிற ஓர் இழை. மனம் அப்படித் தவிக்கும் நிலையில் இங்கே யாராவது இருந்தால், அல்லது வீட்டில் அப்படி ஒருவரைக் கண்டால், நம்மிடம் வாருங்கள். நள்ளிரவானாலும் கதவைத் தட்டுங்கள். அரசு நடத்தும் 14416 என்ற எண்ணுக்கும் பேசலாம், காசு பிடிக்கமாட்டார்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள், கடவுள் தோபித்தின் கண்ணுக்கு மீனின் பித்தத்தை மருந்தாகக் கொடுத்ததையும் வாசிக்கட்டும்.

'திக்வா' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அது வேதாகமத்தில் நூல் என்ற நேர்ப்பொருளில் துலக்கமாக வருவது யோசுவா ஆகமம் இரண்டாம் அதிகாரத்தில். எரிகோ நகரத்து ராகாபு இஸ்ராயேலரின் ஒற்றர்களை மாடியில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்தாள். நகரத்தை எல்லாரும் கேவலமாகப் பார்த்த பெண் அவள். ஆனால் நார் உரித்து நூல் திரிக்கும் பொருள் அவள் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒற்றர்கள் போகும்போது, இந்தச் சிவப்பு நூல் கயிற்றைச் சன்னலில் கட்டிவை, உன் தாய் தந்தை, உடன்பிறந்தார் எல்லாரையும் உன் வீட்டுக்குள் சேர்த்துக்கொள் என்கிறார்கள். அந்தக் கயிறு 'திக்வா'. முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே உரோமையின் புனித கிளமெந்து அதில் ஆண்டவருடைய இரத்தத்தின் அடையாளத்தைக் கண்டு எழுதினார். நாம் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கிறோம். கட்டியவள் ஒருத்தி, உள்ளே பிழைத்தது குடும்பம் முழுவதும். அவர்களில் எத்தனை பேருக்கு நம்பிக்கை இருந்தது, எத்தனை பேர் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று யோசுவா ஆகமம் கணக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அந்த ராகாபு ஆண்டவருடைய வம்ச அட்டவணையில் இடம்பெற்றதை மத்தேயு சொல்லுகிறார்.

அப்படியானால் யோபின் கையில் தீர்ந்துபோன நூலை யார் கொண்டுவந்தது? கடவுள் சூறைக்காற்றிலிருந்து பேசினார். அது நாம் அறிந்ததே. ஆனால் யோபு 42:11-ஐ நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அதற்கு முந்தின வசனத்தில் யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று வருகிறது. அது எப்படித் தொடங்கியது என்று இந்த வசனம் சொல்லுகிறது. சகோதரர், சகோதரிகள், முன்பு பழகியவர்கள் எல்லாரும் அவர் வீட்டுக்கு வந்து, அவரோடு சாப்பிட்டு, அவர் துக்கத்தில் பங்கெடுத்து, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் வளையமும் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு எபிரேயத்தில் 'கெசீத்தா' என்று பெயர். வானத்திலிருந்து ஆட்டு மந்தை இறங்கவில்லை. ஊர் கொடுத்த காசிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது நம் எண்ணம். இவர்கள் இத்தனை நாள் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 31-ஆம் அதிகாரத்தில் யோபு தம் பழைய நாளை நினைத்துக்கொள்கிறார். உடுக்கத் துணியில்லாத ஏழை, தம் ஆட்டு மயிரில் நெய்த துணியால் குளிர் தீர்ந்து தம்மை வாழ்த்தியதைச் சொல்லுகிறார். ஒரு காலத்தில் பிறருக்கு நூல் கொடுத்தவர், பின்னொரு காலத்தில் பிறர் கையிலிருந்து வாங்கவேண்டியதாயிற்று. வாங்க அவர் வெட்கப்பட்டதாக எழுதப்படவில்லை.

பாவு பிணைப்பதைச் சிறுபிள்ளைகள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். துணியை அறுத்தபின் பழைய பாவின் நுனிகள் அச்சிலும் விழுதிலும் தொங்கிக்கொண்டிருக்கும். எசேக்கியா அரசரின் புலம்பலில் அந்த நுனிகளுக்கும் ஒரு சொல் இருக்கிறது, 'தல்லா' என்று. அந்தப் பழைய நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் எடுத்து விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். எவ்வளவு கெட்டிக்காரத் தறிக்காரரானாலும் ஓட்டும்போது தனியாக ஓட்டிவிடுவார், பிணைக்கும்போது இன்னொருவர் எதிரே உட்கார்ந்தால்தான் பொழுதுக்குள் முடியும்.

ஜூபிலிக் கணக்கில் விழாச் செலவு போக மிச்சமிருக்கும் தொகையைப் பற்றி இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போடலாம் என்பது ஒன்று. நூல் இல்லாமல் தறி நின்றுபோன வீட்டுக்கு, சாதி, மதம், கோவிலுக்கு வருகிறவர் வராதவர் என்று பாராமல், வட்டியின்றி ஒரு பாவுக்கு முன்பணம் கொடுத்து, சேலை அறுத்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் வின்சென்ட் தே பவுல் சபையார். வாங்குகிறவர் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கொடிமரம் இன்னும் சில வருஷம் மரமாகவே இருக்கலாம் என்பது நம் கருத்து. ஆனால் பணம் உங்களுடையது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடுகிறது. தறியில் வேலையிருப்பவர்கள் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டாவது வந்து உங்கள் சொல்லைச் சொல்லிப் போங்கள்.